பால்கனியில் யார் யார் நின்றார்கள்

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் டேப். செருப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் எந்நேரமும் ஓர் அளவு டேப் தொங்கும். உங்களோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டே உங்கள் வாசல் நிலையை அளந்து, "அரை அங்குலம் சாஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அதோடு முடிந்தது. உங்களுக்கு அன்றிலிருந்து அந்த நிலை சாய்ந்தே தெரியும். எங்கள் வீட்டு நிலை எனக்குப் பதினோரு வருஷமாகச் சாய்ந்திருக்கிறது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் தன் வீட்டுக்கு மதில் எழுப்பினார். ஒரு திருடன் எவ்வளவு உயரம் எகிறுவான் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஒன்றரை அடி சேர்த்து, எட்டடி. திருடன் யாரும் வரவில்லை. ஆனால் அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அன்றோடு தெரு போயிற்று. அவருக்குத் தெரு என்றால் வெறும் சத்தம். "யாருடி அது கத்தறது? என்னடி வண்டி நின்னுச்சு?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். நான் இந்தப் பக்கமிருந்து சொல்வேன். நடந்ததைத்தான் சொல்வேன். கேட்க நன்றாக இருக்கட்டுமே என்று அங்கங்கே கொஞ்சம் கூடப் போயிருக்கலாம். இருபது வருஷத்தில் யாருக்குத்தான் போகாது?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில் அவர்கள் வீட்டு முன்பக்கத்தில் புதிதாக ஓர் அறையும் அதன் மேல் ஒரு மாடியும் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. மாடிக்கு பால்கனி உண்டாம். தெருப் பக்கம்.

"எதுக்கு அக்கா பால்கனி? வெயில்தான் அடிக்கும்" என்றேன் மதிலைப் பார்த்து.

"அடிக்கட்டும். இருபது வருஷமா தெருவை உன் வாயால பார்த்தாச்சு. இனிமே என் கண்ணால பார்த்துக்கறேன். அந்த தையல்காரர் வீட்டுச் சண்டையில தட்டு பறந்துச்சுன்னியே, அவர் சம்சாரத்தையே கேட்டேன். அப்படி எதுவும் பறக்கலையாம்."

எனக்குச் சுருக்கென்றது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அந்த பால்கனி வந்தால் அது நேராக எங்கள் மாடிச் சமையலறை ஜன்னலைப் பார்க்கும்.

அந்த வீட்டு மருமகள் கட்டட இன்ஜினியர். தூணும் உத்தரமும் எவ்வளவு கனம் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. ஊர் ஊராகப் போய், இரும்புத் தூண்களை போல்ட் போட்டு நிறுத்துகிற பெரிய பெரிய தொழிற்சாலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். அவள் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு போல்ட்டைக்கூட இறுக்க மாட்டார்களாம். சொந்த வீட்டில் மட்டும் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. மாமனார் மேஸ்திரியைக் கேட்பார். மேஸ்திரி முப்பது வருஷ அனுபவத்தைக் கேட்பார். அவள் புருஷன் எது கேட்டாலும், "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று போனைப் பார்க்கிற ரகம்.

அந்த பால்கனி விவகாரம் சூடுபிடித்த அன்று நான் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். சல்லடை என்னுடையதுதான். இருந்தாலும் கையில் ஏதாவது வேண்டுமே.

முற்றத்தில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி அதில் தன் வெற்றுக் கையால் தட்டினார்.

"கம்பியை மேல போடச் சொல்லுது சார் உங்க மருமகள் படம். சிலாப்புன்னா கம்பி அடியிலதான். நான் முப்பது வருஷமா போடறேன். ஒண்ணுகூட விழல."

"ரூம் சிலாப்புக்கு அடியிலதாண்ணே" என்றாள் மருமகள். "ரெண்டு பக்கமும் சுவர் தாங்குது. நடுவுல தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். பால்கனிக்கு ஒரே பக்கம்தான் பிடிப்பு. முனை தொங்கப் பார்க்கும், மேல்பக்கம்தான் இழுபடும். கான்கிரீட்டை எவ்வளவு வேணா அமுக்குங்க, தாங்கும். இழுத்தீங்கன்னா விரிசல் விட்டுரும். எங்க இழுபடுதோ அங்கதான் கம்பி இருக்கணும்."

மேஸ்திரி டேப்பைப் பார்த்தார். டேப் மேஸ்திரியைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே எண்ணம்: சின்னப் பொண்ணு.

"இன்னொண்ணு" என்றார் டேப். "நாலடின்னு போட்டிருக்கியேம்மா. எனக்கு ஆறடி வேணும். அளந்து வெச்சுட்டேன். ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு டீப்பாய்."

மருமகள் குளியலறைக்குப் போய் ஒரு பக்கெட்டில் பாதி தண்ணீர் பிடித்து வந்தாள்.

"மாமா, சுவரோட ஒட்டி நின்னு கையை நேரா நீட்டுங்க."

நீட்டினார். பக்கெட்டை விரல்களில் மாட்டிவிட்டாள்.

"எங்க வலிக்குது மாமா?"

"எங்கயும் வலிக்கல."

"சரி, அப்படியே இருங்க."

இருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. நெற்றியில் வியர்வை. பக்கெட் லேசாக ஆட ஆரம்பித்தது. "எங்க ஸ்டோர்ல இதைவிட..." என்று ஏதோ தொடங்கி முடிக்காமல் விட்டார். மீசை நடுங்கியதை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன்.

"ஏங்க, வலிக்கலைன்னா அந்தக் கையால இந்தத் தோள்பட்டை மேல எதுக்கு அமுக்கிக்கிறீங்க?" என்றார் அக்கா.

"அதான் அத்தை, அந்த இடத்துலதான் கம்பி வேணும்" என்றாள் மருமகள். பக்கெட்டை விரலிலிருந்து எடுத்து முழங்கையில் மாட்டினாள். "இப்ப எப்படி இருக்கு மாமா?"

"இப்பப் பரவால்ல" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அதான் நாலடி."

மேஸ்திரி கூட மூக்கைச் சொறிகிற சாக்கில் சிரித்தார். வெளியே நீள்கிற கம்பி அறைக்குள்ளேயும் ஆறடி போக வேண்டும் என்றும் மருமகள் சொன்னாள். "கட்டில் ஓரத்துல படுக்கறவங்க மாதிரிதாண்ணே. உடம்புல பெரும்பாதி உள்ள இருந்தா உருள மாட்டாங்க." அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் ஒப்பித்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை கம்பி கட்டி முடித்தார்கள். பலகை அடித்து, அடியில் முட்டுக் கொடுத்து, பால்கனிக் கம்பிகளை உயரத்திலேயே நிறுத்த, வளைத்த கம்பியால் குட்டிக் கால்கள் வைத்திருந்தார்கள். மருமகள் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஏதோ தொழிற்சாலைக்கு இரும்புத் தூண் நிறுத்துவதைப் பார்க்க வெளியூர் கிளம்பினாள். வாசலில் நின்று இரண்டு விஷயம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துருவேன். நான் பார்த்த பிறகுதான் கான்கிரீட். அதுவரைக்கும் கம்பி மேல யாரும் ஏறாதீங்க."

முதல் விஷயம் டேப் காதில் பாதி விழுந்தது. இரண்டாவது விஷயத்தை அக்காவைத் தவிர யாரும் காதில் வாங்கவில்லை.

ஏனென்றால் டேப்புக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம், "வாங்க, மேல வந்து நின்னு பாருங்க, காத்து எப்படி வருதுன்னு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பால்கனியே இல்லை, வெறும் கம்பியும் பலகையும். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் கூப்பிட்டு வராமல் இருக்கிறவர்களா? வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஒரே வரத்துப்போக்கு. படிக்கட்டு வழியாக ஏறி வந்து, சுவரோரமாகக் கம்பிமேல் கால் வைத்து, "ஆஹா" என்று நின்று, இடுப்பில் கை வைத்துத் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவார்கள். அக்கா மட்டும் ஏறவில்லை. "மருமக சொல்லியிருக்கா. ஆனப்புறம் பார்த்துக்கறேன்" என்று கீழேயே இருந்துவிட்டார்.

நான் போனேனா? போனேன். எதிர்வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், போகாவிட்டால் மரியாதையாக இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கலவை இயந்திரம் வந்து நின்று கடகடவென்றது. மேஸ்திரிக்கு மத்தியானம் வேறு இடத்தில் வேலையாம். "மேடம் வர்றதுக்குள்ள பின்னாடி ரூமை முடிச்சுரலாம் சார். அவங்க வரும்போது பால்கனி மட்டும் பாக்கி இருக்கும். பார்த்துக்கட்டும்" என்றார். டேப் தலையாட்டினார். ஆட்கள் சட்டி சட்டியாகத் தூக்கிக் கொட்ட ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து தெருப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். வருகிற வேகத்தைப் பார்த்தால் ஒன்பதரைக்கெல்லாம் பால்கனிக்கு வந்துவிடுவார்கள் போலிருந்தது.

நான் எங்கள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். வியாழக்கிழமை விறைப்பாக நின்ற கம்பிகள் சுவரோரத்தில் பழைய கயிற்றுக் கட்டில் போல உள்வாங்கிக் கிடந்தன. குட்டிக் கால்கள் நாலைந்து சாய்ந்து படுத்துவிட்டன. எனக்கு அந்தப் பக்கெட் ஞாபகம் வந்தது. கம்பி மேலே இல்லாமல் நடுவில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாத எனக்கே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் நான் சும்மாதான் நின்றேன். இதை இப்போது யாராவது நிறுத்தினால், மருமகள் வந்து கோபத்தில் பால்கனியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்கள் சமையலறை எங்கள் சமையலறையாகவே இருக்கும். நிறுத்தாவிட்டால் பால்கனி வரும். ஒரு மழைக்காலத்தில் அக்கா நாற்காலியோடு கீழே வருவார். அப்புறம் நான் யாரிடம் போய்ச் செய்தி சொல்வது? அவர் ஒருவர்தான் இருபது வருஷமாக என் பேச்சை முழுசாகக் கேட்கிறவர். நம்பாவிட்டாலும் கேட்கிறவர்.

போனை எடுத்தேன்.

"அக்கா, சும்மாதான் கூப்பிட்டேன். உங்க பால்கனிக் கம்பி ஏன் படுத்துக்கிட்டிருக்கு?"

"என்னது?"

"தோள்பட்டையில இருக்க வேண்டியது இடுப்புக்கு வந்துருச்சு அக்கா."

அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம். அடுத்த இரண்டு நிமிஷத்தில் அக்கா மாடியில் இருந்தார். ஒரு பலகையைத் தூக்கிக் கம்பிகளுக்குக் குறுக்கே, பக்கத்து உத்தரப் பலகைமேல் படும்படி போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டி தூக்கி வந்த ஆள் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் அவர்மேல் இடித்து நின்றார்.

"ஏய், எந்திரி. கலவை இறுகிடும்" என்றார் டேப்.

"நான் எங்க உட்காரப்போறேனோ அங்க உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கென்ன?"

"கான்கிரீட் போட வேண்டாமா?"

"மருமக வந்தப்புறம் போடுங்க."

"அம்மா, பாதியில நிறுத்தினா அந்த இடம் ஒட்டாதும்மா" என்றார் மேஸ்திரி. "கம்பியெல்லாம் சரியாத்தான் இருக்கு. யாரும் மிதிக்கக்கூட இல்ல."

"சரியா இருக்கா? அப்ப அளங்க" என்றார் அக்கா புருஷனைப் பார்த்து. "ஊர்ல இருக்கற நிலையெல்லாம் அளக்கறீங்களே. இடுப்புல தொங்கறது எதுக்கு? உங்க பொண்டாட்டி உட்காரப்போற இடத்தை அளங்க."

டேப்பைப் பற்றி நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: வாயால் பொய் சொல்வார், டேப்பால் சொல்ல மாட்டார். குனிந்தார். சுவரோரத்தில் பலகையிலிருந்து கம்பிவரை அளந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி அளந்தார். பக்கத்தில் இன்னொரு இடத்தில் அளந்தார். மருமகள் படத்தில் ஆறு அங்குலம்.

"நாலு" என்றார் மெதுவாக.

"எத்தனை?"

"நாலுன்னு சொல்றேன்ல! காது கேக்கலையா?" என்று கத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்களை நிறுத்தினார். "பால்கனிக்கு யாரும் வராதீங்க. ரூம்ல மட்டும் போடுங்க. மெதுவா."

மருமகளுக்கு அக்கா போன் போட்டார். அவள் ஏறிய பஸ் தெருமுனைக்குப் பக்கத்திலேயே வந்திருந்தது. பத்து நிமிஷத்தில் பையோடு மாடியில் நின்றாள். கம்பியைப் பார்த்தாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஏழு அங்குல சிலாப்புல ரெண்டு அங்குலம் கீழ இறங்கினா, பலத்துல மூணுல ஒரு பங்கு போச்சு மாமா. கம்பி அதேதான், கான்கிரீட் அதேதான். இடம்தான் மாறிப்போச்சு" என்றாள். "யாரு ஏறினாங்க?"

"யாரும் ஏறல மேடம்" என்றார் மேஸ்திரி.

"ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கலாம்" என்றார் டேப்.

அக்கா எங்கள் ஜன்னலைப் பார்த்தார். தெருவைக் கடந்து எனக்குக் கேட்கும்படி கூப்பிட்டார். "அடியே, மேல வா. உனக்குத்தான் வேலை."

போனேன். இந்த முறை சல்லடை இல்லாமலே போனேன். மருமகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, "ஆன்ட்டி, யார் யார், எங்க நின்னாங்க, எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். என் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தையல்காரர். சுவரோரமா நின்னார், முனைக்குப் போகப் பயம், அஞ்சு நிமிஷம். அவர் சம்சாரம் பின்னாடியே வந்து அவரை இறக்கிட்டுப் போனாங்க. தபால்காரர், பையோட. பை கனம். மாவு மில்காரர், அவரு ஒருத்தரே ரெண்டு பேருக்குச் சமம். சனிக்கிழமை காலைல கராத்தே மாஸ்டர். அவர் நின்னதோட இல்ல, குதிச்சுப் பார்த்தார்."

"குதிச்சாரா?"

"ரெண்டு தடவை. உங்க மாமா கை தட்டினார்."

டேப் டேப்பை உள்ளே இழுத்து வெளியே இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பல் டாக்டர் குடும்பம், நாலு பேர், போட்டோ எடுத்தாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா. "சனிக்கிழமை சாயங்காலம் என் தலைக்கு மேல யாரோ இருபது நிமிஷம் நின்னாங்களே. நான் கீழ சத்தத்தை வெச்சே சொல்லுவேன், இருபது வருஷப் பழக்கம். ஒரு செருப்பு மட்டும் தேய்ஞ்சு தேய்ஞ்சு சத்தம் போடும். தெருவுல அந்தச் செருப்பு யாரோடதுன்னு உனக்குத் தெரியாதாடி?"

மாடியில் இருந்த எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். சட்டி தூக்குகிறவர்கள் உட்பட.

"தையல்காரர் வீட்டுச் சமையலறை நல்லாத் தெரிஞ்சது" என்றேன். வேறு என்ன சொல்வது?

மருமகள் அதையும் எழுதிக்கொண்டாள். நோட்டை எட்டிப் பார்த்தேன்: *ஆன்ட்டி, இருபது நிமிடம், சுவரோரம்.* பிறகு அவள் மேஸ்திரியிடம் திரும்பினாள். "எல்லாரும் ஏறி வந்து நின்னது சுவரோரம்தாண்ணே. கனம் மொத்தமா தொங்கறது அங்கதான். ரூம்ல போட்ட கலவை இறுக நாற்பது நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள தூக்கி நிறுத்த முடியுமா?"

மேஸ்திரிக்கு அந்த "முடியுமா"தான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. "நாற்பது எதுக்கு? இருபத்தஞ்சு போதும்" என்று லுங்கியை மடித்துக் கட்டினார். மிச்சம் கிடந்த துண்டுக் கம்பிகளை எடுத்து, முழங்காலில் வைத்து வளைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் புதுக் கால்கள் வைத்தார். அந்த மனிதர் கை என்ன வேகம்! முப்பது வருஷம் முப்பது வருஷம் என்று அவர் சொன்னது வீண் பேச்சில்லை. பிறகு கம்பிக்கு மேல் படாமல் பலகைகளைப் பாலம்போல் போட்டு, "இனிமே இதுல நடங்கடா, கம்பியில கால் வெச்சா காலை வெட்டிருவேன்" என்றார் ஆட்களிடம். டேப் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அளந்துகொண்டே வந்தார். ஆறு. ஆறு. ஆறு. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னார், மருமகளைப் பார்க்காமல்.

இடையில் ஒருவர் கலவையில் தண்ணீர்க் குழாயை நீட்டப் போக, "ஏய், அதிகத் தண்ணி வேணாம்! பலம் போயிரும்!" என்று மருமகளுக்கு முந்தி டேப் கத்தினார். அவள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

பத்தரை மணிக்கு பால்கனிக்குக் கான்கிரீட் விழுந்தது. கடைசி ஆறைக் கேட்ட பிறகுதான் அக்கா பலகையிலிருந்து இறங்கியிருந்தார்.

அடியில் கொடுத்த முட்டுகளை இருபத்தெட்டு நாள் எடுக்கக்கூடாது என்று மருமகள் சொல்லியிருந்தாள். பதினாலாம் நாள் மேஸ்திரி வந்து, "எடுத்துரலாமா சார்?" என்று கேட்டாராம். டேப் பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாராம். மேஸ்திரி போய்விட்டாராம். இது நான் கண்ணால் பார்க்காதது. அதனால்தான் வரிக்கு வரி 'ராம்' போட்டுச் சொல்கிறேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை பால்கனியில் ஒரே ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது. அக்கா வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தபால்காரருக்குக் கையசைத்தார். மாவு மில்காரர் கடை திறப்பதைப் பார்த்தார். தெரு முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பெரிய விழா நடக்கிற மாதிரி.

நான் எங்கள் வாசல் பக்கத்து ஜன்னலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால்கனி லேசாகவாவது தொங்குகிறதா, விரிசல் ஏதாவது தெரிகிறதா என்று. அக்கறைதான். ஒரு இழைகூடத் தெரியவில்லை.

"அடியே!" என்று மேலிருந்து சத்தம் வந்தது. மதிலைத் தாண்டி, இடையில் எதுவும் இல்லாமல், நேராக. "என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறியே, உள்ள உன் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, போய்ப் பாரு!"

ஓடினேன். உண்மைதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.